சிவப்புப் பொட்டு வைத்த டப்பாக்கள்

நம்ம செட்டு ஆட்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். இப்போதுள்ள பிள்ளைகளிடம், கார்ப்பரேஷன் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும், அதற்காகத் தெருவே குடத்தோடு காத்துக் கிடக்கும் என்றால், "ஏன், மோட்டார் போடலாமே?" என்று கேட்கிறார்கள். மோட்டாராம்! நம் முட்டிதான் மோட்டார். அந்த முட்டி இப்போது படியேறும்போதெல்லாம் என்னைப் பழிவாங்குகிறது. சரி, விடுங்கள். மாடிப்படி என்றாலே எனக்கு ஞாபகம் வருவது மர்பி டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடி. அங்கே ஒரு கோடை முழுக்க என் சித்தி பட்டினி போட்டு வளர்த்த காராமணிச் செடிகள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு தங்கி விவசாயக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. படித்தாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கையகல நிலம் கிடையாது. "நெலமே இல்லாத வீட்ல வெவசாயம் படிக்குதாம் பொண்ணு" என்று குழாயடியில் சிரிப்பார்கள். சித்திக்கு அதெல்லாம் காதிலேயே விழாது. பஸ் பிடிக்கிற அவசரத்தில் இட்லியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடுவாள்.

அவளைப் படிக்க வைத்தது மாமா. அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். தாய் தகப்பன் போன பிறகு இரண்டு தங்கைகளையும் கரையேற்றுகிற வேலை அவர் தலையில் விழுந்தது. ஊரின் மறுகோடியில், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவர் கட்டைவிரல் ரேகையில் கறுப்பு போகாது. வாசலில் செருப்பு விடுகிற சத்தத்துக்கு முன்னாலேயே மெஷின் ஆயில் வாசம் வந்துவிடும். அதிகம் பேச மாட்டார். பேசினால் அது தீர்ப்பு.

அந்தத் தைப் பொங்கலுக்குச் சாப்பிட வந்தவர் கையைக் கழுவிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார். ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு இடம் வந்திருக்கிறது, பையனுக்கு நல்ல வேலை, வைகாசியில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள், நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று.

"என் தீசிஸ் முடியணுமே ண்ணா" என்றாள் சித்தி.

"வைகாசிக்குள்ள முடிச்சுக்கோ. முடியலன்னா இதோட போதும். கல்யாணத்துக்கப்புறம் அனுப்ப மாட்டாங்க. நானே கேட்டுட்டேன்."

அவ்வளவுதான். சித்தி மிச்ச பாயசத்தைக் குடிக்கவே இல்லை. நான் குடித்தேன், அதுவும் ஞாபகம் இருக்கிறது.

அவள் ஆராய்ச்சி என்னவென்றால், தண்ணீர் பற்றாக்குறை வந்தால் காராமணி மண்ணிலிருந்து எவ்வளவு சத்தை எடுக்கும், எவ்வளவை விட்டுவிடும் என்று பார்ப்பது. கல்லூரியில் மழை படாமல் செடி வைக்கிற கொட்டகையின் மேல்ஷீட் காற்றில் கிழிந்து போய், சரி செய்வதற்குக் காகிதம் மேஜை மேஜையாக நடந்துகொண்டிருந்தது. அதற்குள் கோடை போய்விடுமே! அவளுடைய கன்னடக்கார சார்தான், "வெயில் பட்டு மழை படாத இடம் எங்கே இருந்தாலும் வைம்மா, நான் வந்து பார்க்கிறேன்" என்று அனுமதி கொடுத்தார். அந்த இடம் எங்கள் மொட்டை மாடி.

இதில் ஒரு வேடிக்கை. கெடு வைத்த அதே மாமாதான் எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். தொழிற்சாலைக்குப் புது மெஷினைச் சுற்றி வருகிற கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட், அதைக் கட்டச் சவுக்குக் கம்பு, எல்லாம் ஒரே அளவில் கம்பிப் பிடி வைத்த காலி பெயின்ட் டப்பாக்கள். லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றி வந்து, படியில் தானே தூக்கி வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

டப்பாக்களைப் பாதிப் பாதியாகப் பிரித்தோம். தாராளமாகத் தண்ணீர் குடிக்கிறவற்றுக்கு நீலப் பொட்டு. பற்றாக்குறையில் வளர வேண்டியவற்றுக்குச் சிவப்புப் பொட்டு. பொட்டு வைக்கிற உத்தியோகம் எனக்கு. பழைய பேப்பர் கடைக்காரரிடம் இரவல் வாங்கிய, கொக்கி தொங்கும் ஸ்பிரிங் தராசு ஒன்றைச் சித்தி கம்பத்தில் மாட்டினாள். தினமும் காலையில் டப்பாவின் கம்பிப் பிடியைக் கொக்கியில் மாட்டுவோம், முள் ஆடி ஆடி நிற்கும், எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறதோ எடையிலேயே தெரிந்துவிடும். சிவப்புப் பொட்டுக்கு உயிர் போகாத அளவுக்கு மட்டும் ஊற்றுவாள். அந்தத் தராசின் பித்தளை முகம் இன்னும் என் கண்ணிலும், கொக்கி கிரீச்சிடுகிற சத்தம் என் காதிலும் இருக்கின்றன. அது பிற்பாடு எந்தக் காயலான் கடைக்குப் போயிற்றோ.

மொட்டு வைக்கிற சமயத்தில்தான் சிவப்புப் பொட்டுக்குத் தண்ணீரைக் குறைத்தாள். வந்தது வம்பு.

நீங்களே யோசித்துப் பாருங்கள். மர்பி டவுனில், மாசி மாத வெயிலில், குடம் குடமாகச் சண்டை போட்டுத் தண்ணீர் பிடிக்கிற பெண்களுக்கு நடுவில், ஒருத்தி தண்ணீர் கையில் இருந்தும் செடிக்கு ஊற்றாமல் காய விடுகிறாள். பக்கத்திலேயே இன்னொரு வரிசை குளுகுளுவென்று பச்சையாக நிற்கிறது. துணி காயப்போட மாடிக்கு வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள்.

கீழ் வீட்டு ஆன்ட்டிதான் ரொம்ப வருத்தப்பட்டார். பக்கத்துச் சர்ச்சில் பாடுகிறவர், வாய் நிறைய அன்பு. "ஏசுவே! இன்னாமா இது, ஒரே வயித்துல பொறந்த புள்ளைங்கள்ல ஒண்ணுக்கு சோறு, ஒண்ணுக்கு பட்டினியா? பாவம் புடிச்சுக்கும்மா" என்றார்.

"ஆன்ட்டி, இது எக்ஸ்பெரிமென்ட்."

"எக்ஸ்பெரிமென்டோ ஒண்ணோ, வாய் இல்லாத ஜீவன்மா அது."

 அம்மா சிவப்புப் பொட்டு வரிசையைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "பொட்டு வெச்சு பட்டினி போடுறா" என்று அடுப்பங்கரையில் முணுமுணுத்ததை நான் கேட்டேன். எனக்கும் மனசு ஆறவில்லை. முதல் நாள் இலைகள் மத்தியான வெயிலில் தலைதொங்கியபோது நான் அழுதேவிட்டேன். "கொஞ்சமே கொஞ்சம் ஊத்தலாம் சித்தி, என் பாட்டில் தண்ணியத் தரேன்" என்று கெஞ்சினேன். அந்தக் கெஞ்சல்தான் பின்னால் என் தலையிலேயே வந்து விடிந்தது.

ஒரு வாரம் போனதும் தராசு கோணலாகப் பேச ஆரம்பித்தது. குறைய வேண்டிய எடை கூடியிருந்தது. சித்தி தராசைத் தட்டிப் பார்த்தாள். வேறு டப்பாவை மாட்டினாள். அதுவும் கூடியிருந்தது. ஷீட்டில் ஓட்டையா என்று அண்ணாந்து பார்த்தாள். மழையே இல்லையே, ஓட்டை இருந்தால்தான் என்ன! அப்புறம் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கிடந்த என் பள்ளிக்கூட வாட்டர் பாட்டிலைப் பார்த்தாள். ரோஸ் கலர், மூடியில் யானை. காலியாக இருந்தது.

"நீதானா?"

"இல்ல சித்தி. நான் குடிச்சேன்."

"பொய் சொல்லாதடி. அன்னிக்கி அழுதது நீதானே? இது போச்சுன்னா என் படிப்பே போச்சு, தெரியுமா உனக்கு?"

அம்மா அங்கேதான் நின்றிருந்தாள். கையில் ஈரத் துணி. ஒரு வார்த்தை சொல்லவில்லை, கீழே இறங்கிப் போய்விட்டாள். சித்தி அன்றிலிருந்து எடை பார்க்க என்னைக் கூப்பிடவில்லை. என்னோடு பேசவும் இல்லை. எனக்கு உலகத்திலேயே பிடித்த ஆள் அவள். செய்யாத தப்புக்கு அவள் முகம் திருப்பிக்கொண்டது எனக்குத் தாங்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் எதற்கென்று இல்லாமல் அழுதேன். வயிற்று வலி என்று நினைத்து டீச்சர் ஓமத் தண்ணீர் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோபத்தோடு மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த நிழலில் உட்கார்ந்துகொண்டேன். யார் ஊற்றுகிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான். மாமா சாப்பிட வந்திருந்தார். கீழேயிருந்து ஆன்ட்டி வீட்டுக் கறிக் குழம்பு வாசம் மாடி வரைக்கும் ஏறிவந்து வாயில் எச்சில் ஊறியது. சித்தி குளிக்கப் போயிருந்தாள்.

முதலில் வந்தது அம்மா. முந்தானைக்குள் ஒரு குண்டான். மாடிக் கதவை ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டு வரிசைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அரிசி களைந்த தண்ணீரைப் பதமாக ஊற்றினாள். "குடி, குடி, அவ வர்றதுக்குள்ள குடிச்சுடு" என்று செடியோடு பேசுகிறாள்!  என்னைத் திட்டும்போது பேசாமல் இறங்கிப் போனவள் இவள்தானே! எழுந்து கத்துவதற்குள் படியில் கொலுசுச் சத்தம். ஆன்ட்டி, கையில் ஒரு சொம்பு, கறி கழுவின தண்ணீர்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களா? நீங்களா தினமும் ஊத்துறது?" என்றாள் அம்மா.

"தினம் ஏது, ஞாயித்துக்கெழம மட்டும்தான். என் ரோஜாச் செடிக்கு ஊத்துவேன்ல, மிச்சம் இருந்துச்சு. நீ இன்னா பண்றே அப்போ?"

"நா... நான் அரிசித் தண்ணி. கீழ கொட்டுறது தானே."

"அடிப்பாவி, அதான் இதுங்க மட்டும் தேறிடுச்சா! நான் என் ஜெபம்னு நெனச்சேன்."

கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, தொட்டிக்குப் பின்னால் எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அடக்க முடியவில்லை. அந்தச் சத்தம் கேட்டு ஈரத் தலையோடு சித்தி ஓடிவந்தாள். குண்டானும் சொம்பும் கையுமாக இருவரும் நின்ற கோலத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். இல்லை, தரையில் உட்கார்ந்து, கையை நீட்டி என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடுடி கண்ணு" என்றாள். பெரியவர்கள் சின்னவர்களிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதன் பிறகுதான் அழுதாள். "எல்லாம் வீணாப் போச்சுக்கா. அரிசித் தண்ணியிலயும் கறித் தண்ணியிலயும் சத்து இருக்குது. இனிமே எதை வெச்சு நான் என்னன்னு சொல்றது?"

சத்தம் கேட்டு மாமாவும் மேலே வந்து வாசற்படியில் நின்றார்.

"பின்னாடி வரிசை இருக்குல்ல. அங்க நாங்க ஊத்தலயே" என்றாள் அம்மா பயந்த குரலில்.

சித்தி எழுந்து கைப்பிடிச் சுவர் மூலைக்குப் போனாள். நானும் போனேன். அங்கே செடிகள் படு மோசமாக இருந்தன. இலை ஓரமெல்லாம் நெருப்பு பட்டது மாதிரி கருகியிருந்தது. சித்தி குனிந்து, மேல் மண்ணைக் கிளறி, உள்ளேயிருந்து எதையோ விரலால் எடுத்தாள். சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள். உரம். நர்சரியில் பொட்டலம் கட்டி விற்பார்களே, அது.

"இது யாரு?" என்றாள்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சத்தியமா நான் இல்ல." ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார். மாமா எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி அந்த மணிகளை உள்ளங்கையில் வைத்து மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "பாருங்க ண்ணா. போட்டது போட்டபடியே கிடக்குது. கரையவே இல்ல. மண்ணுல சத்து இருந்தா மட்டும் போதாது. தண்ணியில கரைஞ்சு, தண்ணியோட சேந்துதான் வேர்கிட்ட வரணும். காஞ்ச மண்ணுல உரம் போட்டா செடிக்கு ஒண்ணும் கிடைக்காது. வேர் பக்கத்துல கொஞ்சம் கரைஞ்சாக்கூட உப்பு ஏறி, இருக்கற தண்ணியையும் குடிக்க விடாது. தாகமா இருக்கறவனுக்கு ஊறுகாய ஊட்டி விட்டா எப்படி?"

மாமா தொண்டையைச் செருமினார். "யாரோ... நல்லதுக்குன்னு நெனச்சுதான் போட்டிருப்பாங்க. மஞ்சளா இருந்துச்சே. வளரட்டும்னு."

 நான் மறுபடி மூலைக்குப் பார்வையைத் திருப்பினேன். டப்பாவின் விளிம்பில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். சோப்புக்குப் போகாத கறுப்பு. சித்தியும் அதைப் பார்த்துவிட்டாள். அம்மா அந்தப் பக்கம் வருவதற்குள், துப்பட்டா நுனியால் அதை அழுத்தித் துடைத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து, லேசாகத் தலையை ஆட்டினாள். நான் அந்த விஷயத்தை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. மாமா இப்போது இல்லை, அதனால் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் கெட்டுப்போன செடிகளைச் சித்தி ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வீணாகிப் போனதுதானே, பிடுங்கி எறிய வேண்டியதுதான் என்று நினைத்தோம். அவள் எறியவில்லை. வாளியில் வேரை அலசினாள். வேரில் குட்டிக் குட்டியாக முடிச்சுகள். ஆன்ட்டி பார்த்து, "ஐயையோ, பூச்சி முட்டை" என்றார். "பூச்சி இல்ல ஆன்ட்டி. காத்துல இருக்கற சத்த செடிக்குப் புடிச்சுக் குடுக்கற நல்ல கிருமி இதுக்குள்ள குடியிருக்குது" என்று சித்தி ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பிளந்தாள். மூலை வரிசைச் செடியில் உள்ளே பச்சையும் சாம்பலுமாகச் செத்த நிறம். அம்மா அரிசித் தண்ணீர் ஊற்றிய செடியில் முடிச்சைப் பிளந்தால், உள்ளே ரோஸ். என் வாட்டர் பாட்டிலின் ரோஸ்!

சித்தி வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரோஸா இருந்தா உயிரோட வேலை செய்யுதுன்னு அர்த்தம். காஞ்சதுக்கு அப்புறம் இது திரும்பி வந்திருக்குது அக்கா" என்றாள். குரலே மாறியிருந்தது.

மறுநாள் இரண்டு வகை வேரையும் ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சாரிடம் போனாள். திட்டு விழும் என்று அம்மா சாமிக்கு விளக்கேற்றினாள். சார் திட்டினாராம், நன்றாகவே திட்டினாராம். அப்புறம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த ரோஸ் முடிச்சைப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து விதைக்கச் சொன்னாராம். இந்தத் தடவை மூன்றாவதாக ஒரு வகையும் வைக்கச் சொன்னார். காயவிட்டு, பிறகு தண்ணீர் கொடுத்து, எவ்வளவு தூரம் மீண்டு வருகிறது என்று பார்க்க.

நல்ல சேதிதான். ஆனால் முதலிலிருந்து விதைத்தால் அது வளர்ந்து, அறுத்து, காயவைத்து, கல்லூரியில் அரைத்துச் சோதிப்பதற்குள் வைகாசி எப்போதோ போயிருக்கும். ஹெப்பகோடிக்காரர்களுக்குக் கொடுத்த வாக்கு நின்றுகொண்டிருந்தது. மாமாவிடம் கேட்கச் சித்திக்கு வாய் வரவில்லை. காலி டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையில் விதையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

அம்மாதான் கடைசியில் உடைத்தாள். அடுத்த ஞாயிறு மாமா சாப்பிட உட்கார்ந்ததும், சாதத்தைப் போட்டுவிட்டு, ரசம் ஊற்றாமல் கரண்டியோடு நின்றாள். "ண்ணா, கெடுத்தது நாங்க. அவ இல்ல. அவளுக்கு ஏன் தண்டன?"

மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரசம் ஊத்து" என்றார்.

"ஊத்த மாட்டேன். பதில் சொல்லுங்க."

என் அம்மா தன் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் கண்டதே இல்லை. மாமாவும் கண்டிருக்க மாட்டார்.

"நேத்தே ஹெப்பகோடிக்குப் போயிட்டு வந்துட்டேன்" என்றார் மாமா. "வைகாசியில முடியாது, அறுப்பு முடியட்டும்னு சொன்னேன். எத்தினி ஏக்கர்னு கேட்டானுங்க. டப்பான்னு நான் சொல்லல."

அம்மா ரசத்தைச் சாதத்தில் ஊற்றாமல் தரையில் ஊற்றினாள். சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கதவில் காதை வைத்துக் கேட்டேன். இரண்டும்தான்.

ஹெப்பகோடிக்காரர்கள் காத்திருக்கவில்லை. அவர்கள் அவசரம் அவர்களுக்கு. சித்தி இப்போது வடக்கே மழை குறைந்த ஒரு மாவட்டத்தில் பயறு விளைவிக்கிறவர்களோடு வேலை செய்கிறாள். அவளுக்குத் தகுந்தவர் அங்கேதான் கிடைத்தார். அதெல்லாம் பிற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் மாமா மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தார். சொந்தமாக லேத்தில் கடைந்து கொண்டுவந்திருந்தார். பையிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்துச் சித்தி கையில் கொடுத்தார்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும். யாரையும் மேல உடாத."

"யாரையும்னா?"

"யாரையும்னா யாரையும்தான். என்னையும் சேத்து."

 சித்தி சாவியை வாங்கிக்கொண்டு அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள். மறுபடி விதைத்தோம். மூன்றாவது வகைக்கு நான் மஞ்சள் பொட்டு வைத்தேன். காயவிட்ட அந்த டப்பாக்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டிய நாள் வந்தபோது, ஊற்றும் வேலையைச் சித்தி அம்மாவிடமே கொடுத்தாள். அளந்து வைத்த வெறும் தண்ணீர். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஊற்றினாள்.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. அறுப்பு வரைக்கும் மாடிக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் பீன்யாவிலிருந்து இரண்டு பஸ் மாறி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கடைசிப் படியில், நாங்கள் உள்ளே தாழிட்ட கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, அந்த மெஷின் ஆயில் வாசத்தோடு குரல் கொடுப்பார்.

"பாப்பா, செவப்புப் பொட்டு எடை ஏறிச்சா?"

"ஏறல மாமா, குறைஞ்சுடுச்சு" என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன்.

"அப்போ சரி" என்பார். ஒவ்வொரு படியாக இறங்கிப் போவது கேட்கும். கீழே போய், "காபி குடு" என்று அம்மாவிடம் சொல்லும்போது அவர் குரல் தெரு முழுக்கக் கேட்கும்.